ஜிம்னியா, டெரியோஸா? லோ கியரும் இருபது லீற்றரும்

நான்கு சிலிண்டர், 1.3 லீற்றர் இயந்திரம், ஏறத்தாழ ஒரு தொன் எடை. 1998இல் வெளிவந்த பழைய சுசுக்கி ஜிம்னியையும் முதல் தலைமுறை டைஹட்சு டெரியோஸையும் கடதாசியில் வைத்துப் பார்த்தால், குதிரைவலுவிலும் பெரிய வேறுபாடு தெரியாது. ஐந்து கதவும் வசதியான பின்னிருக்கையும் டெரியோஸுக்கே உரியவை, அதில் வாதமில்லை. அத்தானின் டெரியோஸை இரண்டு மாதம் ஓட்டிப் பார்த்த பிறகும் நான் 2008ஆம் ஆண்டு மனுவல் ஜிம்னியைத்தான் வாங்கினேன். காரணம், வலு சக்கரங்களுக்குப் போய்ச் சேரும் வழி.

டெரியோஸ் எந்நேரமும் நான்கு சக்கரங்களாலும் இழுக்கிறது. மழையில் கடுகண்ணாவ வளைவுகளில் இறங்கும்போது அது தரும் பிடிமானத்தை ஜிம்னி தராது. ஆனால் வாரத்தில் ஆறு நாள் கொழும்பின் காலி வீதி நெரிசலில் ஊர்ந்து செல்பவருக்கு, முன் அச்சையும் சேர்த்துச் சுழற்றுவது வீண் செலவு. ஜிம்னியில் இரு சக்கர ஓட்டத்தின்போது, முன் சக்கரங்களை அச்சோடு பூட்டும் ஹப்கள் விடுபட்டு, இரு சக்கரங்களுக்கும் வலுவைப் பிரித்துக் கொடுக்கும் முன் டிஃபரென்ஷியல் ஓய்ந்திருக்கிறது. வெள்ளவத்தைக்கும் கோட்டைக்கும் இடையிலான நெரிசலில் எனக்கு லீற்றருக்குப் பத்தரை கிலோமீற்றரும் அத்தானின் வண்டிக்கு ஒன்பதும் கிடைத்தன. அது என்னுடையதை விட வயது கூடிய வண்டி என்பதால், முழு வித்தியாசத்தையும் அமைப்பின் கணக்கில் எழுதிவிட முடியாது. ஆயினும் 2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டின்போது, பங்கீட்டுக்கான கியூஆர் அட்டைக்கு வாரம் 20 லீற்றர் பெற்றோல் மட்டுமே கிடைத்த நாட்களில், இந்த ஒன்றரைக் கிலோமீற்றர் வாரத்துக்கு முப்பது கிலோமீற்றராக, ஏறக்குறைய இரண்டு நாள் வேலைக்குப் போய்வரும் தூரமாக நின்றது.

வலுவைப் பற்றிய கேள்விக்கு மலையகத்தில்தான் விடை கிடைத்தது. ஜிம்னியின் உச்ச முறுக்குவிசையான 110 நியூட்டன் மீற்றர், நிமிடத்துக்கு 4100 சுழற்சியில்தான் வருகிறது. ஹட்டன் பக்கத் தோட்டமொன்றில், லயத்துக்கு மேலே ஏறும் கற்பாதையில் நடை வேகத்தில் போகும்போது இயந்திரம் அந்தச் சுழற்சியை எட்டாது. அதே ஏற்றத்தில் டெரியோஸை ஓட்டியபோது, லோ கியர், அதாவது வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் தனிக் கியர், இல்லாததால் வேகம் கொடுத்துப் பாய வேண்டியிருந்தது. இல்லையேல் அரைக் கிளட்சில் பிடித்து, எரிந்த வாடையை முகர வேண்டியிருந்தது. ஜிம்னியை நிறுத்தி, கிளட்சை மிதித்து, டாஷ்போர்டில் லோ பொத்தானை அழுத்தினால் வேகம் பாதியாகி இழுவை ஏறத்தாழ இருமடங்காகிறது. அதன்பின் கல்லுக்குக் கல் வண்டி தானாக ஊர்கிறது.

இந்த அமைப்புக்கும் ஒரு விலை உண்டு. முன் ஹப்களைப் பூட்டுவது குழாய் வழியே வரும் வெற்றிட உறிஞ்சல். ஒருமுறை சேற்றில் நின்று நான்கு சக்கரப் பொத்தானை அழுத்தியபோது அதற்குரிய பச்சை விளக்கு மினுங்கியதே தவிர நின்று எரியவில்லை. சக்கரத்துக்கு அருகே போகும் றப்பர் குழாய் வெடித்திருந்தது. கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் வாங்கிய குழாய்த் துண்டோடு விடயம் முடிந்தது. மாற்றிக் கொடுத்த மெக்கானிக், "தம்பி, காய்ஞ்ச தார் ரோட்டில ஃபோர் வீலைப் போட்டு வளைக்காதீங்க" என்று கண்டித்தும் அனுப்பினார். முன், பின் அச்சுகள் வெவ்வேறு வேகத்தில் சுழல இடம்கொடுக்கும் நடு டிஃபரென்ஷியல் இல்லாத ஜிம்னியில் அப்படி வளைத்தால் கியர்களும் அச்சுகளும் முறுகும். டெரியோஸ்காரருக்கு இந்தக் கவலை கிடையாது.

2018க்குப் பிந்தைய 1462 சீசீ ஜிம்னி 102 குதிரைவலு தருவது. நண்பருடையதை ஒருமுறை மட்டும் கொழும்புக்குள் ஓட்டியிருக்கிறேன். ஏற்றத்தில் அது எப்படி என்று நான் சொல்வது முறையல்ல. ஒட்டோ கியர் ஜிம்னியையும் நான் வைத்திருந்ததில்லை. மேலே சொன்ன பத்தரைக் கணக்கை அதற்குப் பொருத்திப் பார்க்க வேண்டாம்.