பேட்டன்ட் (காப்புரிமை) நம்பரைக் காட்டி லைசென்ஸ் பணம் கேட்கிறார்கள், உஷார்

தங்கச்சிமடத்தில் சின்னதாக மோல்டிங் பட்டறை வைத்திருக்கிறோம். சங்கு, விளக்கு, பாம்பன் பாலம் என்று பிளாஸ்டிக்கில் வார்த்து, மதுரையில் கோட்டிங் போட்டு வாங்கி, ராமேஸ்வரம் கடைகளுக்குக் கொடுக்கிறோம். 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறந்ததிலிருந்து பாலம் மாடல் நன்றாக ஓடுகிறது. அந்த நேரம் பார்த்து ஒருவர் நோட்டீஸோடு வந்தார்.

“அக்கா, வார்த்த பொருள் மேல மெல்லிசா உலோகப் பூச்சு போடுறதுக்கு எங்க கம்பெனிகிட்ட பேட்டன்ட் இருக்கு. லைசென்ஸ் எடுக்கலைன்னா கோர்ட்ல மெஷினுக்கே சீல் வெச்சிருவாங்க.”

பட்டறையோடு விடவில்லை. நாங்கள் சரக்குப் போடும் கடைகளுக்கும் போய், பொருளைத் திருப்பி அனுப்பச் சொல்லியிருக்கிறார். கடைக்காரர்கள் பயந்துபோய் ஆர்டரை நிறுத்தினார்கள். வேறு வழியில்லாமல் 40,000 ரூபாய் கொடுத்தோம்.

அப்புறம் பரமக்குடியில் வக்கீலாக இருக்கும் என் சித்தப்பா மகன் நோட்டீஸில் இருந்த பேட்டன்ட் நம்பரைக் காப்புரிமை அலுவலக இணையதளத்தில் போட்டுப் பார்த்தான். காசே இல்லாமல் யாரும் பார்க்கலாம். அது வெறும் விண்ணப்ப எண். பேட்டன்ட் வழங்கப்படவே இல்லை. அலுவலகம் எழுப்பிய ஆட்சேபங்களுக்குக் கெடுவுக்குள் பதில் தராததால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகவே பதிவாகியிருந்தது.

விண்ணப்பம் போட்டால் பொதுவாக 18 மாதத்துக்குப் பிறகு அதை வெளியிடுவார்கள். அந்த வெளியீட்டுப் பக்கத்தைத்தான் எங்களிடம் சான்றிதழ் போல நீட்டினார். பேட்டன்ட் வழங்கப்படும் வரை மீறல் வழக்கே போட முடியாது. வழங்கப்பட்டாலும் விண்ணப்பித்த நாளிலிருந்து 20 வருடம்தான் செல்லும். இடையில் புதுப்பிப்புக் கட்டணம் கட்டாவிட்டால் அதற்கு முன்பே காலாவதியாகிவிடும்.

இன்னொன்று, தலைப்பைப் பார்த்து மிரள வேண்டாம். கடைசியில் இருக்கும் ‘கிளெய்ம்’ பகுதிதான் உரிமையின் எல்லை. இவர்கள் தலைப்பு எல்லாப் பூச்சையும் சேர்த்துப் பிடிப்பதுபோல இருந்தது. கிளெய்ம் கேட்டதோ ஒரு குறிப்பிட்ட அடிப்பூச்சுக் கலவையை மட்டும். எங்களுக்குப் போடுவது பழைய வேக்யூம் முறை. காற்றை உறிஞ்சிய அறையில் அலுமினியக் கம்பியைச் சூடாக்கி ஆவியாக்கினால் அது பொருள் மேல் மெல்லிய படலமாகப் படியும். மஞ்சள் சாயம் கலந்த லேக்கரை (வார்னிஷ் மாதிரியான மேல்பூச்சை) மேலே அடித்தால் தங்கம் மாதிரி தெரியும். வண்டி ஹெட்லைட் ரிஃப்ளெக்டருக்கெல்லாம் காலங்காலமாகச் செய்வதுதான். நம் ஊர் உப்புக்காற்றில் அலுமினியம் புள்ளி புள்ளியாக அரிக்காமல் இருக்க அந்த லேக்கருக்குத்தான் நாங்கள் அதிகம் செலவழிக்கிறோம். அந்த உழைப்புக்கு எவரோ வந்து கப்பம் கேட்பதைத்தான் தாங்க முடியவில்லை.

காப்புரிமைச் சட்டம் 106-வது பிரிவின்படி, ஆதாரமில்லாமல் வழக்கு மிரட்டல் விடுபவர் மீது நாமே வழக்குப் போட்டு, தடை உத்தரவும் நஷ்ட ஈடும் கேட்கலாம். அதற்கான வேலை நடக்கிறது. போலீஸிலும் புகார் கொடுத்திருக்கிறோம்.

மண்டபம், கீழக்கரை, ஏர்வாடி பக்கம் யாருக்காவது இப்படி நோட்டீஸ் வந்திருந்தால் பணம் கட்டாதீர்கள். கடிதத்தையும் கவரையும் பத்திரமாக வையுங்கள், வாட்ஸ்அப் மிரட்டலை அழிக்காதீர்கள். எனக்கு ஒரு மெசேஜ் போடுங்கள், புகாரில் உங்களையும் சேர்த்துக்கொள்கிறோம்.