நான்கு மெயில் முகவரிக்கும் ஒரே தண்டர்பேர்ட்

பண்டாரவளையில் இரண்டு அறை வைத்து ஹோம்ஸ்டே நடத்துகிறோம், கூடவே தேயிலைத் தூளும் பக்கெட் போட்டுத் தபாலில் அனுப்புகிறோம். அறைக்கு ஒரு மெயில் முகவரி, தேயிலை ஓடருக்கு ஒன்று, கணக்குக்கு ஒன்று, என் பெயரில் ஒன்று. நான்கும் வந்து விழுவது என் பெயரில் உள்ள ஒரே பெட்டியில்தான், மற்ற மூன்றும் அதற்கு வைத்த மாற்று முகவரிகள். போன சீசனில் அறை கேட்டு எழுதிய ஒரு குடும்பத்துக்கு என் சொந்த முகவரியிலிருந்து பதில் போய்விட்டது. யாரோ ஏமாற்றுகிறார்கள் என்று பயந்து அவர்கள் எல்ல என்ற ஊர்ப் பக்கம் வேறு இடம் பிடித்துவிட்டார்கள். மூன்று இரவு வாடகை போனது, மனசுக்கு ரொம்பக் கஷ்டமாகிவிட்டது.

அதற்குப் பிறகுதான் மெயில் படிக்கவும் அனுப்பவும் லெப்டொப்பில் தண்டர்பேர்ட் போட்டேன். காசு இல்லை, 2004இல் 1.0 வந்த பழைய மென்பொருள். இதில் எனக்கு வேண்டியது ஒரே ஒரு விஷயம், ஐடென்டிட்டி, அதாவது எந்தப் பெயரில், எந்த முகவரியிலிருந்து மெயில் போகவேண்டும் என்ற அமைப்பு. அக்கவுண்ட் செட்டிங்ஸில் உங்கள் கணக்கைத் திறந்தால் கீழே 'மேனேஜ் ஐடென்டிட்டீஸ்' என்று ஒரு பட்டன் இருக்கும், அதில் ஒவ்வொரு முகவரியையும் தனியாகச் சேர்க்கலாம், ஒவ்வொன்றுக்கும் வேறு பெயர், வேறு கையொப்பம், அனுப்பிய மெயிலின் பிரதி எந்த ஃபோல்டருக்குப் போகவேண்டும் என்பது வரை. அறை முகவரிக்கு ஆங்கிலக் கையொப்பம் வைத்தேன், தேயிலைக்குத் தமிழில். மெயில் எந்த முகவரிக்கு வந்ததோ, பதில் எழுதும்போது அதே முகவரி தானாக மேலே வந்து நிற்கிறது. எனக்கு இது ஒன்றே போதும்.

ஆனால் பிசிசியில், அதாவது மற்றவர்களுக்குத் தெரியாத மறைபிரதியாக வந்த மெயிலில் 'டூ' வரியில் நம் முகவரி இருக்காது, அப்போது அது பிரதான முகவரியையே எடுத்துக்கொள்ளும். அதே ஐடென்டிட்டிப் பக்கத்தில் டெலிவரி ஹெடர் (மெயில் எந்த முகவரிக்கு வந்தது என்று அதோடு மறைவாக வரும் வரி) பொருந்தினால் இதிலிருந்து பதில் அனுப்பு என்று ஒரு கட்டம் உண்டு, அதை டிக் செய்து முகவரியைக் கொடுங்கள், உங்கள் மெயில் சேர்வர் அந்த ஹெடரைப் போடுகிறதென்றால் சரியாகிவிடும். ஜிமெயில் வைத்திருப்பவர்கள் இன்னொன்றும் செய்யவேண்டும்: மாற்று முகவரியை முதலில் ஜிமெயில் தளத்திலேயே 'சென்ட் மெயில் அஸ்' பகுதியில் சேர்த்து உறுதிப்படுத்துங்கள், இல்லாவிட்டால் தண்டர்பேர்டில் என்ன வைத்தாலும் போய்ச் சேரும்போது பழைய ஜிமெயில் முகவரிதான் தெரியும்.

குறை என்றால், நான்கு முகவரி மெயிலும் ஒன்றாகக் கலந்து கிடக்கும், நீங்களே ஃபில்டர் போட்டுப் பிரிக்கவேண்டும். எனக்கு ஒரு மத்தியானம் முழுக்கப் போனது. மழை நாளில் இணைப்பு அறுந்தாலும் இறங்கிய மெயில்களைப் படிக்கலாம், பதிலை எழுதி 'சென்ட் லேட்டர்' கொடுத்தால் அவுட்பொக்ஸில் காத்திருக்கும், எங்கள் ஊருக்கு இது பெரிய உதவி. அப்புறம், லெப்டொப் மாற்றும் முன் தண்டர்பேர்டின் புரொஃபைல் ஃபோல்டரை மறக்காமல் பென் டிரைவில் எடுத்து வையுங்கள், ஐடென்டிட்டியும் ஃபில்டரும் எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன.