மட்டக்களப்பில் வீட்டுப் புரோக்கர் சேவை: கொடுக்கும் காசுக்கு என்ன கிடைக்கிறது?

மாரிப் போக வேளாண்மை வெட்டி, நெல்லு விற்ற காசு கையில் நிற்கும் மாசி பங்குனி. சித்திரை வருசத்துக்கு வெளிநாட்டுச் சொந்தங்கள் வந்து நிற்கும் இரண்டு மூன்று கிழமை. வைகாசியில் கல்யாணம் வைத்துக்கொண்டு சீதன வீட்டுக்கு ஓடித் திரிபவர்கள். மூன்றும் ஒன்றாக விழும்போது மட்டக்களப்பு நகரில் வீட்டு வியாபாரம் சூடுபிடிக்கிறது. வாங்குபவரும் விற்பவரும் புரோக்கரிடம்தான் போய் நிற்கிறார்கள். இது தனி ஒருவரைப் பற்றிய மதிப்பீடு அல்ல. மோட்டார் சைக்கிளில் திரிபவரானாலும் பலகை மாட்டிய அலுவலகமானாலும் செய்து தரும் வேலை ஏறக்குறைய ஒன்றுதான்.

வீடு தேடித் தருவதில் ஐந்துக்கு நாலு புள்ளி கொடுக்கலாம். இங்கே நல்ல வீடுகளில் பல விளம்பரத்துக்கே வருவதில்லை. மதிலில் ‘விற்பனைக்கு’ என்று பலகை தொங்கினால் ‘அந்த வீட்டுக்கு என்ன கஷ்டமோ’ என்று அயல் கேட்கும் ஊர் இது. அதனால் விற்பவர் வாயோடு வாயாகச் சொல்லி வைப்பார். அது புரோக்கரின் காதுக்குத்தான் முதலில் போகும். இணைய விளம்பரத்தில் கல்லடி வீடு ஒன்றே நாலு புரோக்கரின் பெயரில் நாலு விலையில் கிடக்கும். படத்தில் உள்ள கேற்றையும் தென்னையையும் ஒப்பிட்டால் ஒரே வீடு என்பது தெரிந்துவிடும்.

விலை பேசித் தருவதற்கு இரண்டுக்கு மேல் கொடுக்க மனம் வராது. விற்பவர் ‘எனக்கு 140 இலட்சம் கையில் வந்தால் போதும், மேலே வருவது உனக்கு’ என்று விட்டுவிடுகிறார். பிறகு உறுதி (வீட்டுப் பத்திரம்) எழுதும் நாள்வரை இரு பக்கத்தையும் நேரே சந்திக்க விடாமல் பார்ப்பதே புரோக்கரின் வேலையாகிவிடும். வாங்குபவர் 155 கொடுக்கிறார், விற்பவருக்கு அது தெரியவே தெரியாது. தரகு நூற்றுக்கு இரண்டா மூன்றா, அதை யார் கொடுப்பது என்பதை முதல் நாளே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். எழுதமாட்டேன் என்பவர் மேல்விலை வைத்திருக்கிறார் என்று எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்தது, எந்தப் புரோக்கரும் தானாகச் சொல்லாத விசயம்: தண்ணீர். பங்குனியில் பார்த்தால் மட்டக்களப்பில் எல்லா வீடும் மேட்டு நில வீடுதான். கார்த்திகை முதல் தை வரை அதே வளவு எப்படி இருக்கும் என்பதைச் சுவரில்தான் வாசிக்க வேண்டும். முழங்கால் உயரத்தில் கையால் தட்டிப் பாருங்கள். பூச்சு உள்ளே பிரிந்திருந்தால் வெற்றுச் சத்தம் வரும். அந்த உயரம்வரை மட்டும் புதுப் பெயின்ற், அதற்குக் கீழே வெள்ளையாக உப்புப் பூத்தல், கதவு நிலையின் அடி உப்பி மெதுமையாய் இருத்தல், பழைய வீட்டில் பிளக் பொயின்ற் மட்டும் இடுப்பு உயரத்துக்கு ஏற்றப்பட்டிருத்தல்: இவற்றில் இரண்டு சேர்ந்திருந்தால் அந்த வீட்டுக்குள் தண்ணீர் நின்றிருக்க வாய்ப்பு அதிகம். பிறகு வாசலில் நின்று வீதியைப் பாருங்கள். கொங்கிறீற்றும் கார்ப்பெற்றும் போட்டுப் போட்டு வீதிகள் உயர்ந்துவிட்டன, பழைய வீடுகளின் தரை அப்படியே கிடக்கிறது. வீட்டுத் தரை வீதியின் நடு மட்டத்துக்குக் கீழே இருந்தால் வீதி மழைநீர் முழுக்க முற்றத்துக்குத்தான் வரும். சின்ன உப்போடை, தாமரைக்கேணி, கருவேப்பங்கேணி என்று பெயரிலேயே ஓடையும் கேணியும் இருக்கும் பக்கங்களில் ஒவ்வொரு வளவும் தாழ்வு என்றில்லை. ஆனால் ‘2011 ஜனவரி வெள்ளத்தில் எதுவரை நின்றது?’ என்று பக்கத்து வீட்டு அம்மாவிடம் கேட்காமல் அங்கே அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்.

கிணறும் பங்குனியில் ஏமாற்றும். கல்லடி, காத்தான்குடி, ஆரையம்பதி மணலில் மழைநீர் உவர்நீருக்கு மேலே படலமாக மிதக்கிறது. மாரி முடிந்த கையோடு அது தடிப்பாக இருப்பதால் தண்ணீர் இனிக்கும். ஆவணி புரட்டாதியில் படலம் மெலிந்து உவர் மேலே வரும். மலசலகூடக் குழி வேறு. கிணற்றிலிருந்து 50 அடி தள்ளி இருக்க வேண்டும் என்பார்கள். ஒரு பேர்ச் 272.25 சதுர அடி. 10 பேர்ச் சதுர வளவின் ஒரு பக்கம் ஏறக்குறைய 52 அடிதான். உங்கள் குழிக்கும் மதிலுக்கு அந்தப் பக்கக் குழிக்கும் சேர்த்து 50 அடி விட அங்கே இடமே இல்லை. ஆகவே உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர்க் குழாய் இணைப்பு இருக்கிறதா, கடைசிப் பில் யாருடைய பெயரில், நிலுவை எவ்வளவு என்று பாருங்கள்.

இனி ‘எல்லாப் பேப்பரும் கிளியர்’ என்ற சொல். இதற்கு ஒன்றுக்கு மேல் போடமாட்டேன். புரோக்கர் வட்ஸ்அப்பில் அனுப்புவது கடைசி உறுதியின் நாலு பக்கம், பழைய பிளான், சோலை வரி (மாநகர சபைக்குக் கட்டும் வீட்டு வரி) பற்றுச்சீட்டு, அவ்வளவுதான். அந்த உறுதி அறுதி உறுதியா (விலைக்கு விற்றதா) நன்கொடை உறுதியா என்பதை முதலில் பாருங்கள். மட்டக்களப்பில் வீடு பெண் பிள்ளைக்குச் சீதனமாகப் போவதால் நகரில் நிறைய வீடுகள் நன்கொடை உறுதியில் நிற்கின்றன, பலவற்றில் தாய் தகப்பனின் சீவிய உரித்து ஒதுக்கப்பட்டிருக்கிறது. அந்த வரி கடைசிப் பக்கத்துக்கு முந்திய பக்கத்தில் சின்னதாகக் கிடக்கும். மகள் மட்டும் கையெழுத்து வைத்து விற்றால், தாய் உயிரோடு இருக்கும்வரை அந்த வீட்டில் இருக்கும் உரிமை தாய்க்கே. தாயும் உறுதியில் சேர்ந்து சீவிய உரித்தைக் கைவிட வேண்டும். ‘அம்மா ஒண்டும் சொல்லமாட்டா’ என்பது ஆவணம் அல்ல.

பெற்றோர் மரணசாசனம் எழுதாமல் இறந்த வீடென்றால் சகோதரர் எல்லாருக்கும் பிரிபடாத பங்கு உண்டு. கனடாவில் இருக்கும் அண்ணன் அற்றோணித் தத்துவம் (தனக்குப் பதிலாகக் கையெழுத்து வைக்கும் அதிகாரம்) கொடுத்திருந்தால் மூலத்தைப் பார்த்து, அதில் ‘விற்க’ அதிகாரம் இருக்கிறதா, கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்று உறுதிப்படுத்துங்கள். அவர் இறந்த அன்றே அந்தத் தத்துவமும் செத்துவிடும். வாங்குபவர் வெளிநாட்டுக் குடியுரிமை எடுத்து இரட்டைக் குடியுரிமை இல்லாதவர் என்றால், 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டப்படி அவர் பெயருக்குக் காணி மாறாது. சித்திரை விடுமுறையில் வருபவர்களிடம் இதைச் சொல்லாமல் அட்வான்ஸ் வாங்கும் புரோக்கர்கள் உண்டு. யாழ்ப்பாணத் தேசவழமைச் சட்டத்தில் பங்காளிக்கு இருக்கும் முன்கொள்வனவு உரிமை (பிறருக்கு முன் தான் வாங்கும் உரிமை) இங்கே இல்லை என்பது ஒரு ஆறுதல்.

செங்கலடி, வவுணதீவுப் பக்கம் போனால் ‘பெர்மிற் காணி’ என்ற சொல் வரும். 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்ட அனுமதிப்பத்திரக் காணியைப் பிரதேச செயலாளரின் எழுத்து மூலச் சம்மதம் இல்லாமல் நொத்தாரிசு (உறுதி எழுதிச் சான்றுபடுத்துபவர்) எழுதும் உறுதியில் விற்க முடியாது. விலை பாதி என்பதற்காக வாங்கினால் வங்கிக் கடனும் கிடையாது. கடற்கரைப் பக்கம் இன்னொன்று: உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்து 300 மீற்றருக்குள் இருக்கும் நிலம் கரையோர வலயம். நாவலடியிலோ கல்லடியிலோ வீட்டை இடித்துக் கட்டும் எண்ணம் இருந்தால் கரையோரத் திணைக்கள அனுமதிக்குச் செலவாகும் மாதங்களையும் கணக்கில் எடுங்கள்.

அட்வான்ஸ் கொடுக்கும்போது முத்திரை ஒட்டிய தாளில் எழுதி வாங்குவது ஊர்ப் பழக்கம். 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, காணி விற்பனைக்கான ஒப்பந்தமும் நொத்தாரிசு, இரண்டு சாட்சிகள் முன்னால் கையெழுத்தானால்தான் செல்லும். அந்தத் தாளை வைத்துக் காசைத் திருப்பிக் கேட்கலாம். வீட்டை எழுதித் தா என்று கேட்க முடியாது. விலை ஏறும் சித்திரையில் விற்பவர் பின்வாங்குவது இந்த ஓட்டையால்தான். காணிப் பதிவகத்தில் 30 வருடத் தேடல் செய்து ஈடு (அடைமானம்), வழக்குப் பதிவு இல்லையென்று பார்த்த பிறகே ஒப்பந்தம். அந்த வேலைக்கு நீங்களே பிடித்த சட்டத்தரணி வேண்டும், புரோக்கர் கூட்டி வருபவர் வேண்டாம்.

முத்திரைத் தீர்வை வழக்கமாக வாங்குபவர் தலையில்: முதல் ஒரு இலட்சத்துக்கு நூற்றுக்கு 3, மீதிக்கு 4. 150 இலட்சத்துக்கு 5,99,000 ரூபா. ‘உறுதியில் 80 என்று போடுவம்’ என்று புரோக்கர் சொன்னால் கேட்காதீர்கள். மாகாண இறைவரித் திணைக்களம் மீதியைக் கேட்டு வரலாம். வங்கி 80ஐப் பார்த்தே கடன் தரும். நாளை நீங்கள் விற்கும்போது இலாபம் அந்த 80இலிருந்து கணக்கிடப்பட்டு மூலதன ஆதாய வரி உங்கள் மேல் விழும்.

தரகுக் காசை அட்வான்ஸ் அன்று கொடுக்க வேண்டாம். உறுதியில் கையெழுத்தான அன்று முக்கால், பதிவகத்தில் பதிவான சான்றைக் கண்ட பிறகு கால். பதிவு தாமதித்தால் பெறுமதி கொடுத்து வாங்கிய இன்னொருவர் முந்திப் பதிந்து மேலே வந்துவிடலாம் என்பதால் அந்தக் கால் பங்கு புரோக்கரையும் உங்களோடு சேர்த்து நொத்தாரிசின் வாசலுக்கு நடக்க வைக்கும்.