பதற்றமும் நிகழ்கணப் பயிற்சியும்: சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

பதற்றம் போய்விட்டதா என்றால், போகவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மனதை நடப்பில் நிறுத்தும் இந்தப் பயிற்சியைச் சில வருடங்களாகச் செய்துவருகிறேன். இன்றைக்கும் ஒன்றுமில்லாத விஷயத்துக்கெல்லாம் நெஞ்சு படபடக்கத்தான் செய்கிறது. மாறியது வேறொன்று. முன்பெல்லாம் நான் பதறிக்கொண்டிருக்கிறேன் என்பதே பாதி நாள் போன பிறகுதான் எனக்குத் தெரியும். அதற்குள் வீட்டில் யார் மீதாவது எரிந்து விழுந்திருப்பேன். இப்போது சீக்கிரமே பிடிபட்டுவிடுகிறது. கிடைத்த பலனில் முக்கால்வாசி இதுதான்.

உதாரணத்துக்கு, படுக்கப்போகும் நேரத்தில் மேலதிகாரியிடமிருந்து வரும் ஒரு வரிச் செய்தி: "நாளைக்குக் காலையில் கொஞ்சம் பேசணும்." மூளை உடனே கிளம்பிவிடும். எதில் தப்பு நடந்தது, யார் போட்டுக்கொடுத்தார்கள், வேலை போனால் என்ன செய்வது. இந்த ஓட்டத்தை நான் நிறுத்தப் பார்ப்பதில்லை. நிறுத்தப் பார்த்தால் இன்னும் வேகமெடுக்கும். அதற்குப் பதில் உடம்பில் என்ன நடக்கிறது என்று பார்க்கிறேன். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கிடக்கிறது. கடைவாய்ப் பற்கள் இறுகியிருக்கின்றன. தோள்கள் இரண்டும் காதுப் பக்கம் ஏறியிருக்கின்றன. போனை அழுத்திப் பிடித்ததில் கட்டைவிரல் நுனி வெளுத்துப்போயிருக்கிறது. ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, உள்ளங்கால் தரையில் படும் இடத்துக்குக் கவனத்தைக் கொண்டுபோகிறேன். குதிகால் எவ்வளவு அழுந்துகிறது, தரை சில்லென்று இருக்கிறதா, அவ்வளவுதான். கதை மறுபடி ஓடும், நானும் மறுபடி காலுக்கு வருவேன். உடனே தூக்கம் வந்துவிடும் என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த நேரத்தில் "என்ன விஷயம் சார்?" என்று பதில் அனுப்பிவிட்டு, அவர் பார்த்தாரா இல்லையா என்று விழித்துக் கிடப்பது நின்றுவிட்டது.

நான் ஆரம்பித்தது 8 வாரப் பாடத்திட்டம் ஒன்றில். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் ஜான் கபாட்-ஜின் 1979-ல் தொடங்கிவைத்த அதே திட்டம்தான்: வாரம் ஒரு வகுப்பு, வீட்டில் தினமும் முக்கால் மணி நேரப் பயிற்சி. ஆரம்பத்தில் ஓர் உலர்திராட்சையைக் கையில் கொடுத்து, பார்த்து, முகர்ந்து, மெதுவாக மெல்லச் சொல்வார்கள். பலர் சிலாகிக்கும் அந்தப் பயிற்சி எனக்குப் பெரிதாக எதுவும் செய்யவில்லை. படுத்துக்கொண்டு கால்விரலில் தொடங்கி உச்சந்தலை வரை உடம்பை ஒவ்வொரு பகுதியாகக் கவனிக்கும் 'பாடி ஸ்கேன்' வேறு ரகம். மேலே சொன்ன நாக்கும் தோளும் எனக்குத் தெரியவந்ததே அதனால்தான். முழங்காலைத் தாண்டுவதற்குள் குறட்டை விட்ட நாட்களும் உண்டு. அதனால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

அப்புறம் மூச்சு. எங்கே போனாலும் "மூச்சைக் கவனி" என்பார்கள். பதற்றக்காரர்களில் சிலருக்கு அது ஒத்துவராது, எனக்கும் ஒத்துவரவில்லை. கவனிக்கத் தொடங்கினாலே 'சரியாகத்தான் விடுகிறேனா' என்று அதுவே புதுக் கவலையாகிவிடும். பாதம், காதில் விழும் சத்தம், விரல் தொடும் மேசை விளிம்பு, இவற்றில் எதை வேண்டுமானாலும் பிடித்துக்கொள்ளலாம். மூச்சு எனக்கு உதவுவது ஒரே ஒரு வகையில்தான்: வெளிவிடுவதை நீட்டுவது. மூச்சை இழுக்கும்போது இதயத் துடிப்பு சற்றுக் கூடும், விடும்போது குறையும். மூளையிலிருந்து இதயத்துக்கும் வயிற்றுக்கும் போகும் வேகஸ் நரம்பு செய்கிற வேலை அது. ஒருமுறை இழுத்து, அதன் மேலேயே இன்னும் கொஞ்சம் இழுத்து, பிறகு வாய் வழியாக நிதானமாக நீட்டி விடவேண்டும். ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2023-ல் வெளியிட்ட ஒப்பீட்டில், தினம் 5 நிமிடம் வீதம் ஒரு மாதம் இப்படிச் செய்தவர்களின் மனநிலை, அதே நேரம் தியானத்தில் உட்கார்ந்தவர்களுடையதைவிட நன்றாக மேம்பட்டிருந்தது. தியானப் பிரியர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். பதற்றம் குறைந்தது இரு தரப்புக்கும்தான்.

நான் எதிர்பார்க்காத ஒரு பலன், நல்ல நேரங்களும் கூடுதலாகக் கண்ணில் படுவது. ஹார்வர்டில் கில்லிங்ஸ்வொர்த், கில்பர்ட் என்ற உளவியலாளர்கள் 2010-ல் வெளியிட்ட ஆய்வில், விழித்திருக்கும் நேரத்தில் கிட்டத்தட்ட 47 சதவீதம் மனம் வேறெங்கோ இருப்பதாகவும், அப்போது மகிழ்ச்சி குறைவதாகவும் தெரிந்தது. இனிமையான விஷயத்தை நினைத்துக்கொண்டிருந்தவர்கள்கூட, கையில் இருந்த வேலையில் கவனமாக இருந்தவர்களைவிட அதிக மகிழ்ச்சியாக இல்லை. பகல் கனவு காண்பதில் கெட்டிக்காரனான எனக்கு இது கொஞ்சம் ஏமாற்றம்தான். ஆனாலும் குழந்தை ஏதோ நீளமாகச் சொல்லிக்கொண்டிருக்கும்போது 'ம்' கொட்டாமல் கேட்டால், அந்த நேரம் வேறு மாதிரிதான் இருக்கிறது.

இனி இதன் எல்லைகள். வேலைச் சுமைதான் காரணம் என்றால் சுமையைக் குறைக்க வேண்டும். ஆட்களைக் குறைத்துவிட்டு, மிச்சமிருப்பவர்களுக்குத் தியான வகுப்பு வைக்கும் நிறுவனங்களைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது. கடுமையான பழைய மனக்காயம் உள்ளவர்கள் கண்ணை மூடி உட்கார்ந்தால் அந்த நினைவுகள் பொங்கி வந்து நிலைமை மோசமாகலாம். துணைக்கு அனுபவமுள்ளவர் வேண்டும். 2022-ல் வெளியான ஓர் ஆய்வில், பதற்றக் கோளாறு உள்ளவர்களுக்கு இந்த 8 வாரப் பயிற்சி பதற்றத்துக்கு மருத்துவர்கள் தரும் எஸ்சிடலோபிராம் மாத்திரைக்குச் சளைத்ததல்ல என்று தெரிந்தது. அதைக் காட்டி மாத்திரையைத் தானாக நிறுத்துபவர்களும் இருக்கிறார்கள். அந்த ஆய்வில் இருந்தது ஆசிரியர் நடத்திய வகுப்பும் தினசரி வீட்டுப் பயிற்சியும், போனில் கேட்கும் ஐந்து நிமிட ஒலிப்பதிவு அல்ல. மருந்து விஷயத்தை மருத்துவரிடம் பேசுவதுதான் சரி.

செயலிகளும் வைத்துப் பார்த்தேன். குரல் வழிகாட்டல் ஆரம்பத்துக்கு நல்லது. ஆனால் 'தொடர்ந்து இத்தனை நாள்' என்று எண்ணிக் காட்டும் கணக்கு இருக்கிறதே, பதற்றத்துக்கு வழி தேடி வந்தவனுக்கு அதுவே இன்னொரு பதற்றம். ஒரு நாள் விட்டால் வருத்தப்படும் பொம்மை வேறு. இந்த முறை சந்தாவைப் புதுப்பிக்கவில்லை. எனக்கு வேண்டியது அவ்வப்போது அடிக்கும் ஒரு மணி மட்டும்தான், அது இலவசப் பகுதியிலேயே இருக்கிறது.