பாலிசியை முதியோர் இல்லத்துக்குக் கொடுக்க வேண்டுமா? நாமினி, உயில், அசைன்மென்ட், காசோலை: எது சரி?

என் பெரியம்மா கல்யாணம் செய்துகொள்ளாமல் கடைசிவரை டீச்சராகவே இருந்தவர். தன் எல்.ஐ.சி. பணம் ஊரில் இருந்த முதியோர் இல்லத்துக்குப் போக வேண்டும் என்று நாமினி இடத்தில் இல்லத்துச் செயலாளர் பெயரை எழுதிவைத்தார். மஞ்சள் பையில் பாலிசிப் பத்திரம், அதோடு குண்டூசியால் குத்திய சீட்டில் "இது இல்லத்துக்கு" என்று அவர் கையெழுத்து. அவர் போன பிறகு மாமாக்கள் வாரிசுரிமை கேட்டார்கள், கிடைத்தும்விட்டது. அம்மா மட்டும் தன் பங்கை அப்படியே கொண்டுபோய் இல்லத்தில் கொடுத்துவிட்டு வந்தார்.

மாமாக்கள் மேல் தப்பில்லை, சட்டம் அப்படி. நாமினி என்பவர் பணத்தை வாங்கி வாரிசுகளிடம் ஒப்படைக்க வேண்டியவர்தான் என்று 1984-இலேயே சர்பதி தேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இன்சூரன்ஸ் சட்டத்தில் வந்த 2015 திருத்தத்துக்குப் பிறகு பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் நாமினியாக இருந்தால் பணம் அவர்களுக்கே சொந்தம். வெளியாருக்கு அந்தச் சலுகை இல்லை. அதனால் தானம் என்று வந்தால் நாமினி வழியை நான் மறந்துவிடச் சொல்வேன்.

உயில் பரவாயில்லை. இரண்டு சாட்சிகள் போதும், மனம் மாறினால் மாற்றி எழுதலாம். கிறிஸ்தவர்கள் தர்ம காரியத்துக்கு உயில் எழுதுவதைக் கட்டுப்படுத்திய, இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 118-ஆம் பிரிவையும் 2003-இல் உச்ச நீதிமன்றம் நீக்கிவிட்டது. முஸ்லிம்கள் என்றால் வாரிசுகள் சம்மதிக்காமல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எழுத முடியாது. ஆனால் உயிலை யாராவது எதிர்த்தால் கோர்ட்டுக்கு அலைவது யார்? முதியோர்களுக்குச் சோறு போட்டுக்கொண்டிருக்கும் ஒரு சின்ன இல்லத்தால் வக்கீல் வைத்து இழுத்துக்கொண்டிருக்க முடியுமா?

உறுதியான வழி அசைன்மென்ட், அதாவது பாலிசியின் உரிமையையே மாற்றிக்கொடுப்பது. இன்சூரன்ஸ் சட்டத்தின் 38-ஆம் பிரிவுப்படி பத்திரத்திலேயோ தனித்தாளிலேயோ எழுதி, ஒரு சாட்சியோடு கையெழுத்துப் போட்டு, கம்பெனிக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அவர்கள் மறுத்தால் 30 நாளுக்குள் காரணம் சொல்லியாக வேண்டும். அதைப் பதிவு செய்ததும் பழைய நாமினி தானாகவே ரத்து, வாரிசுச் சண்டைக்கு இடமே இல்லை. ஆனால் முழு உரிமையையும் கொடுத்துவிட்டால் இல்லம் மனம் வைத்துத் திருப்பித் தந்தால் ஒழிய நமக்குத் திரும்பாது, நாளைக்கு ஆஸ்பத்திரிச் செலவு வந்தாலும் அதன்மேல் ஒரு ரூபாய் கடன் எடுக்க முடியாது. இதற்கு நடுவில் ஒரு வழி இருப்பது பலருக்குத் தெரிவதில்லை: நிபந்தனையோடு மாற்றிக்கொடுக்கலாம். முதிர்வுவரை நான் உயிரோடு இருந்தால் பணம் எனக்கு, இடையில் போய்விட்டால் இல்லத்துக்கு. இப்படி வாங்கியவர் பாலிசியைச் சரண்டர் செய்யவும், அதாவது பாதியில் முடித்துப் பணம் எடுக்கவும் முடியாது, கடன் வாங்கவும் முடியாது. பெரியம்மாவுக்கு இதை யாராவது சொல்லியிருக்கலாம் என்று இன்றும் நினைத்துக்கொள்வேன்.

கடைசி வழி, முதிர்வுத் தொகை வந்ததும் காசோலையாகக் கொடுப்பது. வரிச்சலுகை வேண்டுமானால் இதுதான், ஏனென்றால் நன்கொடைக்கான வருமான வரி விலக்கு (80ஜி என்பார்கள்) பணமாகக் கொடுத்தால் மட்டுமே, பாலிசியாகக் கொடுத்தால் இல்லை, ரொக்கம் என்றால் 2,000 ரூபாய்க்கு மேல் செல்லாது, புதிய வரிமுறையில் இருப்பவர்களுக்கு அதுவும் கிடையாது.

என்னைக் கேட்டால், பிள்ளை குட்டி இருப்பவர்கள் பாலிசியை வீட்டுக்கே விட்டுவிட்டு மாதாமாதம் முடிந்ததைக் கொடுங்கள். நம்பியிருக்க யாரும் இல்லாதவர்கள் அசைன்மென்ட் பக்கம் போங்கள், அப்புறமும் பிரீமியத்தை யார் கட்டுவது என்று இல்லத்தாரோடு அன்றே பேசிவிடுங்கள், கட்டாமல் விட்டால் அவர்களுக்கு வருவது குறைந்துபோகும். அசைன்மென்டுக்குப் போவதற்கு முன் பத்திரத்தை எடுத்து ஒருமுறை பாருங்கள்: திருமணமான பெண்கள் சொத்துச் சட்டம், 1874 என்று அதில் இருந்தால் அந்தப் பணம் ஏற்கெனவே மனைவி மக்களுடையது, அதை நீங்கள் யாருக்கும் கொடுக்க முடியாது.