7805 போதுமா, பக் கன்வேர்ட்டர் வேண்டுமா?

கல்லடிக் கடற்கரையில் பழைய கார்க்காரர்கள் கூடினால் என்ஜின் கதைதான் முதலில் ஓடும். அப்புறம் கைவேலைகள் வெளியே வரும்: வெப்பநிலை காட்டி, ரிவர்ஸ் சென்சார். அநேகமாக எல்லாம் 5 வோல்ட் கேட்பவை. என்ஜின் ஓடும்போது காரில் கிடைப்பதோ 14 வோல்ட் அளவு.

7805 அந்த 14 வோல்ட்டை 5 ஆக்கித் தரும், மூன்று காலுள்ள மலிவான சிப். இரண்டு கபாசிற்றர் போட்டால் வேலை முடிந்தது. ஆனால் மிச்சமுள்ள 9 வோல்ட்டையும் சூடாகவே கழிக்கும். அரை அம்பியர் இழுத்தால் 4.5 வாட் சூடு. சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடு (ஹீட் சிங்க்) இல்லாவிட்டால் விரல் வைக்க முடியாது. மட்டக்களப்பு வெயிலில் நின்ற காரின் டாஷ்போர்டுக்குள் என்றால் கேட்கவே வேண்டாம்.

பக் கன்வேர்ட்டர் என்பது மின்சாரத்தை வேகமாக ஆன்-ஆஃப் செய்து வோல்ட்டைக் குறைப்பது. எல்எம்2596 சிப் உள்ள பக் மொடியூல் அதே வேலைக்கு ஒரு வாட்டுக்கும் குறைவாகவே வீணாக்கும். ஒரு தொல்லை: 150 கிலோஹேர்ட்ஸில் சுவிட்ச் ஆவதால் ஏஎம் ரேடியோ இரையலாம். வெளிவரும் வோல்ட்டை மாற்றுவது மொடியூலின் சிறு நீலப் பெட்டியிலுள்ள பித்தளைத் திருகு; அதை மல்டிமீற்றர் பார்த்து 5 வோல்ட்டுக்குத் திருப்பாமல் எதையும் பொருத்தாதீர்கள்.

சென்சார் ஒன்றுக்கு மட்டுமென்றால் நான் 7805தான் போடுவேன். திரை, போன் சார்ஜர் என்றால் பக். எதுவானாலும் பற்றரிப் பக்கம் ஒரு பியூஸ் கட்டாயம்.