சட்டசபையா, ஊர்ப்பணியா? 1922-க்குப் பின் பிரிந்த இரு வழிகள்

சௌரி சௌராவில் காவல் நிலையம் எரிக்கப்பட்டதும், 1922 பிப்ரவரியில் காந்தியடிகள் பர்தோலியில் சட்ட மறுப்பை நிறுத்தினார்; அடுத்த மாதமே ஆறாண்டுச் சிறைத் தண்டனையும் பெற்றார். வீதிக்கு வந்த மக்கள் வீடு திரும்பியபின் என்ன செய்வது என்று ஆராயக் காங்கிரஸ் அமைத்த குழுவே இரண்டாகப் பிரிந்தது. மோதிலால் நேருவும் விட்டல்பாய் படேலும் சட்டசபைக்குள் நுழைய வேண்டும் என்றனர். ராஜாஜியும் அன்சாரியும் புறக்கணிப்பே தொடர வேண்டும் என்றனர்.

கயா காங்கிரஸ் மாநாட்டில் சட்டசபை நுழைவை வலியுறுத்தித் தோற்ற சித்தரஞ்சன் தாஸ், மோதிலாலுடன் சேர்ந்து 1923 தொடக்கத்தில் சுயராஜ்யக் கட்சியைத் தொடங்கினார். நாம் காலியாக விடும் இடத்தில் அரசுக்கு வேண்டியவரே அமர்வார்; உள்ளே சென்று மசோதாக்களைத் தோற்கடித்தால்தான், சில துறைகளை மட்டும் இந்திய அமைச்சர்களிடம் விட்டு மற்றவற்றை ஆளுநர் கையிலேயே வைத்திருந்த இரட்டையாட்சியின் பொய்த்தோற்றம் வெளிப்படும் என்பது அவர்களின் வாதம். வலுவான வாதம்தான். ஆனால் சபை மறுத்ததைத் தம் தனி அதிகாரத்தால் நிறைவேற்றிக்கொள்ள ஆளுநருக்கு வழி இருந்தது.

புறக்கணிப்பில் மாற்றம் வேண்டாதவர்கள் கதரையும் தீண்டாமை ஒழிப்பையும் கையில் எடுத்தார்கள். அப்போது சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த எங்கள் பாலக்காட்டில், கல்பாத்தித் தமிழ்ப் பிராமணரான டி. ஆர். கிருஷ்ணசாமி ஐயர், தம் சமூகத்தாரின் விலக்கையும் பொருட்படுத்தாமல், அகத்தேத்தறையில் சபரி ஆசிரமம் அமைத்து, எல்லாச் சாதிப் பிள்ளைகளையும் ஒன்றாக உண்ணவும் படிக்கவும் வைத்தார். எந்த மசோதாவைத் தோற்கடித்தாலும் கிடைக்காத பலன் இது என்றே நான் கருதுகிறேன்.

ஆயினும் அந்த வழியும் தனித்து நிற்கவில்லை. பொதுச் சாலைகளும் கிணறுகளும் தாழ்த்தப்பட்டோருக்கும் உரியவை என்ற தீர்மானத்தை 1924-இல் சென்னைச் சட்டசபையில் நிறைவேறச் செய்தவர், இரு அணியையும் சேராத நியமன உறுப்பினர் இரட்டைமலை சீனிவாசன். வெளியே நின்றவர்களால் அதைச் செய்திருக்க முடியாது. உள்ளே சென்ற சுயராஜ்யக் கட்சியினரோ முடக்குவதையே நோக்கமாகக் கொண்டிருந்தார்கள். அதே ஆண்டு நவம்பரில், கல்பாத்தித் தேர்த்திருவிழாவின்போது அக்ரஹாரத் தெருவுக்குள் நுழைந்த, தீண்டத்தகாதோராக ஒதுக்கப்பட்ட ஈழவச் சமூகத்தார் தாக்கப்பட்டார்கள். தீர்மானம் இருந்தும் தெரு திறக்கவில்லை.

1924 டிசம்பரில் பெல்காமில் காந்தியடிகள் தலைமையில், சட்டசபைப் பணி சுயராஜ்யக் கட்சிக்கு விடப்பட்டது. கதர், தீண்டாமை ஒழிப்பு போன்ற நிர்மாணப் பணி காங்கிரஸ் முழுமைக்கும் உரியதாக நின்றது. கயாவிலேயே இவ்வாறு பங்கிட்டிருக்கலாம். உள்ளே செல்வோர் மசோதாக்களை முடக்குவதோடு நின்றுவிடாமல், கல்பாத்தி போன்ற தெருக்களைத் திறக்கும் சட்டங்களையும் கொண்டுவர வேண்டும் என்ற கடமையையும் அப்பங்கீட்டில் சேர்த்திருக்க வேண்டும்.